நான் சில்வர் பூசிய ஹீட்டர்ப் பெட்டி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப் போனது. ஐந்தும் படித்து, வேலைக்குப் போய், கலியாணம் கட்டி நன்றாக இருக்கின்றன. ஒன்றைக்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திவிட்டு நான் அழுதது கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், போன வருடம் வரைக்கும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். இந்தக் கொப்பியைப் பேத்தியிடம் வாங்கி மூன்று கிழமையாக எழுதுகிறேன். ஒரே ஒரு விசயத்துக்காகத்தான் எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜ்காரர் இருக்கிறார். என் பேத்தி சாகக் கிடந்தது அவருடைய பிழையால் என்று என் மகன் நினைக்கிறான். வெள்ளவத்தையில் எங்களைத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது அவர் பிழையில்லை. யாருடைய பிழை என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவருக்கும் எனக்கும். அவர் சொல்லமாட்டார். அப்படியென்றால் நான்தான் சொல்லவேண்டும். ஆறுதலாகச் சொல்கிறேன். அவசரப்பட்டால் எனக்கு எழுத்துப் பிழைக்கும்.

எங்கள் வீடு காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கடல். உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. புதுக் கத்தரிக்கோலை யன்னலில் வைத்து மறந்தால் அடுத்த மாதம் அது திறபடாது. அதனால் தைப்பொங்கலுக்கு முதல் கிழமை எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான். கேற், யன்னல் கம்பி, தண்ணீர்த் தாங்கியின் கால் என்று இரும்பு எதுவோ அதில் கறளைச் சுரண்டிச் சில்வர் பெயின்ற் அடிப்போம். துளை விழுந்த இடத்தைச் சீமெந்தால் அடைத்துவிட்டு மேலே பூசுவோம். பூசி முடித்தால் ஒழுங்கை முழுக்கப் புதிதாய் மினுங்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. என் கை பெயின்ற் அடிப்பதில் கெட்டிக்காரக் கை. பக்கத்து வீட்டாரும் வந்து என்னிடம்தான் கேட்பார்கள்.

இனிக் காரைப் பற்றி. என் கணவர் துறைமுகத்தில் எழுத்துவேலை பார்த்தவர். நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் ஓடாமல் கைவிட்ட காரை அவர் வாங்கி, வருடக்கணக்காகத் திருத்தி ஓடவைத்தார். ஜேர்மன்காரன் செய்தது. இரண்டு கதவு, நிலத்தோடு பதிந்த உடம்பு, பின்னால் எஞ்சின். காலி வீதியில் போனால் பஸ்காரனும் எட்டிப் பார்ப்பான். அந்தக் காருக்குத் தண்ணீர் ஊற்ற இடமே கிடையாது. காற்றாலேயே தன்னைக் குளிர்த்துக்கொள்ளும். அதில் ஹீட்டரும் இருந்தது. எஞ்சினுக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகரப் பெட்டி. கொழும்பில் காலுக்குச் சூடு எதற்கு என்று அவரே அவை இரண்டையும் கழற்றுவித்து, வெறும் குழாயைப் போடுவித்தார். கழற்றியதை எறிய மனமில்லாமல் சாக்கில் கட்டிப் பின் பல்கனியில் வைத்தார். கடலைப் பார்த்த பல்கனி. அவர் போய்ப் பதின்மூன்று வருடமாகிறது. அந்தச் சாக்கு அதற்கும் முந்தியது.

சாக்கு உக்கிப் போனபோது பெட்டிகளை வெளியே எடுத்தேன். அவருடைய சாமான் அல்லவா, கறள் பிடிக்க விடலாமா? பொங்கலுக்குக் கேற்றுக்கு அடிக்கிற அதே சில்வரை அவற்றுக்கும் அடித்தேன். ஒவ்வொரு வருடமும் அடித்தேன். ஒவ்வொரு வருடமும் அவற்றைத் தூக்கித் திருப்பும்போது உள்ளேயிருந்து கறள் பொரிந்து பொலபொலவென்று கொட்டும். தும்புத்தடியால் கூட்டி அள்ளிக் கொட்டிவிடுவேன். கொட்டுகிற அளவு வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டுதான் போனது. அதை நான் பார்த்தேன். பார்த்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருடம் என் மருமகளின் தம்பி நுவரெலியாவில் வீடு கட்டிக் குடிபூரலுக்குச் சொல்லியிருந்தான். மருமகள் உதவிக்கென்று இரண்டு நாள் முந்தியே ரயிலில் போகிறதென்றும், நானும் மகனும் பேத்தியும் காரில் போகிறதென்றும் ஏற்பாடு. அப்போதுதான் நுவரெலியாவிலிருந்து சம்பந்தியம்மா தொலைபேசியில் வந்தா.

“அக்கா, அந்தப் பழைய காரிலயோ வாறியள்? எங்கட ஜீப்பை அனுப்பிவிடட்டே? இஞ்சத்தைக் குளிர் உங்கட முழங்காலுக்குத் தாங்காது. இதில ஒரு பட்டனை அமத்தினாச் சூடு வரும்.”

“எங்கட காரிலயும் சூடு வரும், பிள்ளை. உங்கட ஜீப் பிறக்க முதலே எங்கட காரில சூடு வந்தது” என்றேன்.

வாயை விட்டாயிற்று. மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

“அம்மா, கொழும்பில ஹீட்டருக்குப் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கிற ஒரே மனிசி நீங்கள்தான். அதைப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுங்கோ. ரெண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு போவம்.”

“அப்பா வாங்கின சாமான். அது என்ர கையால பார்த்த சாமான். பூட்டுறதெண்டாப் பூட்டு. இல்லாட்டி நான் வரேல்லை.”

நான் வரவில்லையென்றால் வரமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். கராஜுக்குக் கொண்டுபோகச் சம்மதித்தான்.

அன்று பின்னேரம் வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பெட்டிகளைப் பல்கனியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றின் அடிப்பக்கம் தகடு தேய்ந்து மூன்று இடத்தில் விரல் போகும் துளை. கேற்றுக்குச் செய்கிற மாதிரியே சீமெந்து குழைத்து அடைத்தேன். காய்ந்ததும் இரண்டு பூச்சுச் சில்வர் அடித்தேன். பிறகு ஒரு வேலை செய்தேன். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வாயைக் கீழே பிடித்து, உள்ளே இருந்த கறள் முழுவதும் கொட்டும்வரைக்கும் குலுக்கினேன். கராஜில் தூக்கிப் பார்க்கும்போது கிலுகிலுவென்று சத்தம் கேட்கக்கூடாது என்று குலுக்கினேன். கால்மிதியை உதறுகிறது போலச் சாதாரணமாகத்தான் செய்தேன்.

கராஜ்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் ஆள். மாளிகாவத்தையில் வீடு, கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் கராஜ். இப்படிக் காற்றால் குளிர்கிற பழைய கார்கள் என்றால் அவரிடம்தான் போவார்கள். மகன் அவரை அண்ணன் முறையில் நாநா என்பான், அவர் மகனை மல்லி என்பார், சிங்களத்தில் தம்பி என்று. எனக்கு அவர் தம்பி. என் கணவரைத் தெரிந்தவர் என்பதால் எனக்குக் கதிரை போட்டு, பிளேன்ரீ எடுப்பித்துத் தந்துவிட்டுத்தான் காரைத் தொட்டார்.

பின்மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார். நடுவில் ஒரு ஃபேன் சுழன்றது. ஒரு பேப்பர்த் தாளை எடுத்து ஃபேனுக்கு முன்னால் இருந்த கம்பியில் காட்டினார். தாள் பறந்துபோய் ஒட்டிக்கொண்டது.

“பாத்தீங்களாம்மா எப்பிடி இழுக்கிதெண்டு? இந்த ஃபேன் ஈக்கே, இதுதான் இந்தக் காருக்குத் தண்ணி. எஞ்சின்ட மேல ஊதி ஊதிக் குளுப்பாட்டும். பெல்ட் அறுந்தா முன்னால சிவப்பு லைட் பத்தும். பத்தினா அந்த எடத்திலயே நிப்பாட்டணும். வூட்டுக்குப் போய்ப் பாக்கிற கத இல்ல.”

“அப்ப ஹீட்டருக்குத் தனி ஃபேனோ?” என்று கேட்டேன்.

“இல்லம்மா, அதுக்கும் இதே ஃபேன்தான்.”

“ஒரே காத்து எஞ்சினைக் குளிர்த்திப்போட்டு எங்களைச் சூடாக்குமோ? இதென்ன புதினம்!”

அவர் சிரித்தார். சோக் கட்டியால் நிலத்தில் ஒரு குழாய் கீறினார். அதைச் சுற்றி இன்னொரு கோடு கீறினார்.

“இது எஞ்சின்ட பொகை போற குழாய். நெருப்பு மாதிரிச் சூடா ஈக்கும். நீங்க வெச்சீக்கிற பொட்டிக்குள்ளயும் இந்தக் கொழாய்தான் ஈக்கி, பொட்டி இதுக்கு மேல சட்டை போட்ட மாதிரி. கொழாய்க்கும் சட்டைக்கும் நடுவால ஃபேன்ட காத்துக் கொஞ்சத்தை வுட்டா அது சூடாவிடும். கைபிரேக்குக்குப் பக்கத்துல சின்னத் தடி ஒண்டு ஈக்கி. அதைத் தூக்கினா அந்தச் சூட்டுக் காத்து உங்கட காலுக்கு வரும்.”

“புகையும் காத்தும் ஒண்டோட ஒண்டு சேராதோ, தம்பி?”

“சேரக்கூடாது. கொழாய் நல்லா ஈக்கிற வரைக்கும் சேராது. அதுல ஒரு ஊசித் தொளை ஈந்தாப் போதும்மா, அந்தப் பொகையையும் சேத்து ஃபேன் உள்ளுக்குத் தள்ளும். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. தள்ளுறது மட்டும்தான் அதுட வேல.”

சரியான கேள்வியை நான்தான் கேட்டேன். சரியான பதிலையும் அவர் சொன்னார். ஊசித் துளை என்று அவர் சொன்னபோது தும்புத்தடியால் கூட்டி அள்ளிய கறள் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. சட்டைக்கே விரல் போகும் துளையென்றால் உள்ளே குழாய் எப்படி இருக்கும்? மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கும் விளங்கக்கூடிய கணக்கு. ஆனால் மகன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். வாயைத் திறந்தால், சொன்னனான் தானே என்பான். நுவரெலியாவில் ஜீப் நிற்கிறது. நான் பிளேன்ரீயைக் குடித்தேன்.

அவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். விரலால் தட்டினார். திரும்பவும் தட்டினார்.

“சத்தம் கொஞ்சம் மந்தமா ஈக்கி. கனமும் கூட மாதிரி. ஒருக்கா வெட்டித் தொறந்து பாத்திட்டு வெல்ட் பண்ணுவமா, அம்மா?”

“பழைய காலத்து இரும்பு, தம்பி. கனக்கத்தான் செய்யும். இருபது வருசமா நான் பிள்ளையைப் போல வைச்சிருந்த சாமான். அதைப் போய் வெட்டுறதோ?”

முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னேன். வயதான மனுசியின் முகம் அப்படிப் போனால் அந்த ஆள் அதற்கு மேல் கதைக்கமாட்டார். எனக்கு அது தெரியும்.

“சரிம்மா. மல்லி, பூட்டித் தாறன். ஆனா ஓடவுட்டு அரை மணித்தியாலம் ஹீட்டரைப் போட்டுப் பாத்திட்டுத்தான் மலைக்கு ஏறணும். முதல் தரம் போடக்குள்ள யன்னலையும் ஒரு விரல் அளவுக்குத் தொறந்து வெச்சிக்கோங்க” என்று மகனிடம் சொன்னார்.

கொழும்பு வெயிலில் அரை மணித்தியாலம் ஹீட்டர் போட்டுக்கொண்டு ஓட எவனுக்குப் பைத்தியம்? மகன் ஒழுங்கை முனைவரை ஓடிப் பார்த்தான். காலுக்குச் சுடச்சுடக் காற்று வந்தது. “வேலை செய்யுது” என்று தடியை இறக்கிவிட்டான். நானும் பேத்தியும் வாசலில் நின்று கைதட்டினோம்.

விடிய வெளிக்கிட்டோம். களனிப் பாலம் தாண்டும்போது வெயில் ஏறவில்லை. கம்பளை கடந்து புசல்லாவையில் சாப்பிட்டுவிட்டு ஏறினோம். மகன் ஓட்டினான். என் முழங்காலுக்காக நான் முன்னால் இருந்தேன். பேத்திக்கு அப்போது பத்து வயது. பின்னால் இருக்கிற சின்ன இருக்கை அவளுக்கென்றே செய்த மாதிரி. இரம்பொடைப் பக்கம் வர மழை பிடித்தது. பிறகு மூடுபனி. பகல் பன்னிரண்டு மணிக்கு லைட்டைப் போட்டுக்கொண்டு போனோம். குளிர் முழங்காலுக்குள் ஏறியது.

“தூக்கு பார்ப்பம் அப்பாவின்ர தடியை” என்றேன்.

மகன் தூக்கினான். சூடு வந்தது. சும்மாவா வந்தது, கால் விரலில் தொடங்கி மடிக்கு ஏறியது. என் வீட்டுக்காரரே வந்து காலடியில் போர்வை விரித்த மாதிரி இருந்தது. ஜீப்பும் பட்டனும் எந்த மூலைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

யன்னல் ஒரு விரல் திறந்திருந்தது. என் காதுக்குள் கூதல் காற்று ஊசி போலப் போனது. நான் அதை ஏற்றிப் பூட்டினேன்.

“அம்மா, நாநா சொன்னவரெல்லே, திறந்திருக்கட்டும் எண்டு.”

“அவருக்கென்ன, அவர் கொட்டாஞ்சேனையில வேர்த்துக்கொண்டு நிக்கிறார். உன்ர பக்கத்தையும் பூட்டு. பிள்ளைக்குக் குளிரும்.”

கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் வந்தது. மகன் மூக்கைச் சுளித்தான்.

“என்னவோ மணக்குதம்மா.”

“பெயின்ற் மணம். புதுச் சூடு பட்டா மணக்கத்தான் செய்யும். கொஞ்சத்தால போயிடும்.”

என் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒழுங்கை முனையில் நின்றே எந்த வீட்டில் கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்வேன். பால் திரைய முதலே எனக்குத் தெரியும். ஐந்து பிள்ளைக்கும் காய்ச்சல் வருவதை உச்சியை மணந்தே கண்டுபிடித்தவள். அந்த மூக்கை நம்பித்தான் சொன்னேன். அது சில்வர் பெயின்ற் மணம்தான். நான் அடித்த பெயின்ற்தான். அது சரியாகத்தான் மணந்தது.

“அப்பம்மா, எனக்குத் தலை இடிக்குது” என்றாள் பேத்தி.

“வளைவுக்கு அப்பிடித்தான், குஞ்சு. கண்ணை மூடிக்கொண்டு படு.”

படு என்று நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அவள் படுத்தாள். கொஞ்சம் பொறுத்துத் திரும்பிப் பார்த்தேன். கன்னம் இரண்டும் சிவந்து அவ்வளவு வடிவாய் நித்திரை கொண்டாள். சூடு பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்று சந்தோசப்பட்டேன்.

மகன் கொட்டாவி விட்டான். எதிரே வந்த பஸ் ஹோர்ண் அடித்தபடி உரசிக்கொண்டு போனது.

“என்ன ராசா, நித்திரையோ?”

“இல்லையம்மா. சூடு சுகமா இருக்கு.”

எனக்கும் தலை பாரமாக வந்தது. வயிற்றைப் பிரட்டியது. நான் எந்த மலையிலும் சத்தி எடுக்காதவள். பஸ்ஸில் ஏறி எத்தனையோ பேர் பையைத் தேடும்போது நான் வடை சாப்பிட்டுக்கொண்டு இருந்தவள். அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள். அதனால் அடக்கினேன். இந்த வளைவு போகட்டும் என்று அடக்கினேன். இன்னொரு வளைவு. அதற்குப் பிறகும் ஒன்று. என் காலடியில் அந்தச் சூடு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மகனின் தோளைப் பிடித்து, “நிப்பாட்டு, எனக்கு ஏலாது” என்றேன்.

ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கதவைத் திறந்து மழைக்குள் சத்தி எடுத்தேன். மகன் இறங்கியவன் காரைப் பிடித்துக்கொண்டு, குடித்தவன் போல நின்றான். “தலை சுத்துதம்மா” என்றான். நான் வாயைத் துடைத்துக்கொண்டு, “பிள்ளையை எழுப்பு, அவளும் கொஞ்சம் காத்து வாங்கட்டும்” என்றேன்.

அவன் எழுப்பினான். அவள் எழும்பவில்லை.

பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். “எழும்படி, வந்திட்டம்” என்றேன். மகன் தூக்கினான். கை இரண்டும் தொங்கின. தலை பின்னால் விழுந்தது. ஈரத் துணியைத் தூக்கினால் எப்படித் தொங்கும், அப்படி. என் காது அடைத்துவிட்டது. மகனின் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

தேத்தண்ணிக் கடைப் பொம்பிளைதான் ஓடிவந்தா. “என்னாங்க ஆச்சு புள்ளைக்கு? இங்க குடுங்க, இங்க குடுங்க!” என்று பறித்து, கடை வாங்கில் கிடத்தி, கழுத்துப் பொத்தானைக் கழற்றினா. “காத்த மறைக்காதீங்க பாட்டி, அங்கிட்டுப் போங்க” என்று என்னைத் தள்ளினா. என்னை அப்படி ஒருவரும் தள்ளியதில்லை. நான் தள்ளிப் போய் மழைக்குள் நின்றேன். அவவே ரோட்டுக்குப் பாய்ந்து மேலே போன வான் ஒன்றை மறித்தா. அதில்தான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எங்கள் கார் அந்த இடத்திலேயே கதவு திறந்தபடி நின்றது.

அங்கே ஒரு சின்ன வயது டொக்டர் பிள்ளை, சிங்களப் பிள்ளை. பேத்தியின் முகத்தில் ஒக்சிசன் மாஸ்க்கைப் போட்டுவிட்டு, மகனைப் பார்த்து முதல் கேட்டது, “காரில் ஹீட்டர் போட்டதா?” என்றுதான். பிள்ளையைச் சோதித்துப் பார்க்க முதலே எப்படி அறிந்தா என்று எனக்குத் திகைப்பு. மகன் தலையாட்டினான்.

“எஞ்சின் புகை உள்ள வந்திருக்கு. இன்னும் கொஞ்சத் தூரம் போயிருந்தா...” என்று தொடங்கிவிட்டு முடிக்கவில்லை.

“மணம் வரேல்லையே, மகள்” என்றேன். “பெயின்ற் மணம் மட்டும்தானே வந்தது. நான் மணந்து பார்த்தனே.”

“கொல்றதுக்கு மணம் இல்லை, அம்மா” என்றா.

அன்று பின்னேரம் வரைக்கும் பேத்தி கண் திறக்கவில்லை. அந்த மணித்தியாலங்களை எனக்கு எழுதத் தெரியாது. சம்பந்தி மருமகளோடு ஜீப்பில் வந்து இறங்கினா. குத்திக் கதைப்பா என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தா. குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஐந்து மணி போல பேத்தி முனகினாள். பிறகு தண்ணீர் கேட்டாள். மருமகள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். காரை லொறியில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினான் மகன். பெட்டியைத் திறந்து பார்க்கிற நாள் நானும் வருவேன் என்று பிடிவாதமாகப் போனேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டு போனேன்.

அன்று கதிரை போடவில்லை. பிளேன்ரீயும் இல்லை. கராஜ்காரர் பெட்டியை நிலத்தில் வைத்து வெட்டினார். தீப்பொறி பறந்தது. தகடு விரிந்தது. உள்ளே இருந்த குழாயைக் குழாய் என்று சொல்லமுடியாது. அரிதட்டு. வெளிச்சம் ஊடே வந்தது. மகன் குனிந்து பார்த்தான். பார்த்தவன் நிமிர்ந்து கத்தத் தொடங்கினான்.

“உங்களை நம்பித்தானே நாநா பிள்ளையை ஏத்தினனான்! தட்டிப் பார்த்தனீங்கள் தானே?”

“தட்டிப் பாத்தேன், மல்லி. சத்தம் மந்தமா ஈந்திச்சு.”

“பிறகேன் பூட்டினனீங்கள்? இதோ உங்கட வேலை?”

மகன் காலால் பெட்டியை உதைத்தான். அப்போது அதிலிருந்து ஒரு கட்டி உருண்டு கராஜ்காரரின் காலடியில் வந்து நின்றது. சீமெந்துக் கட்டி. ஒரு பக்கம் சாம்பல் நிறம், ஒரு பக்கம் சில்வர். என் பெருவிரல் ரேகை அதில் பதிந்திருக்கும்.

அவர் அதை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒருவரின் உடுப்புக் கிழிந்திருப்பதைக் கண்டால் நாம் எப்படிப் பார்ப்போம், அப்படிப் பார்த்தார். மகன் ஒழுங்கைப் பக்கம் திரும்பி நின்று தலையில் அடித்துக்கொண்டு நின்றான். கராஜ்காரர் கையைப் பொத்தினார். அந்தக் கட்டியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டார்.

“என்ட பிழைதான், மல்லி” என்றார். “கழட்டிப் பாத்தீக்கணும். பாக்கல்ல.”

நான் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வரும் வழியில் மகன், “அந்த ஆளை நம்பி இனி ஒருத்தரும் கார் குடுக்கக்கூடாது. நான் எல்லாருக்கும் சொல்லுறன்” என்றான். நான் “ம்” என்றேன். அந்த “ம்” என் வாயிலிருந்து வந்தது. சொன்னபடியே எல்லோருக்கும் சொன்னான். பழைய கார் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அவரிடமிருந்து தங்கள் கார்களை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு மாதத்தால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பை நிறைய மாதுளம்பழம். மகன் கேற்றைத் திறக்கவில்லை. கேற்றுக்கு மேலால்தான் பையை வாங்கினான். வாங்கியதையும் நிலத்தில் வைத்தான். நான் மேலே பல்கனியில் நின்றேன். நான் அடித்த சில்வரில் கேற் பளபளவென்று மினுங்கியது.

“மகள் எப்பிடி, மல்லி? ஸ்கூல் போறாவா?”

“போறாள்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அம்மா சொகமா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.

என் ஐந்து பிள்ளைகளில் எவராவது பொய் சொல்லிப் பிடிபட்டால் வாயில் மிளகாய் தேய்ப்பேன் என்று பயமுறுத்தி வளர்த்தவள் நான். நான் தூக்கி வளர்க்காத ஒரு ஆள் என் பொய்யைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போகிறார். எனக்கு ஒருவரும் பாவம் பார்க்கத் தேவையில்லை என்று இருந்தவள். இப்படி ஒரு வருடம் இருந்திருக்கிறேன், சோறு தின்று, நித்திரை கொண்டு. அதை நினைத்தால் மற்ற எல்லாவற்றையும்விட எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த வருடம் பொங்கலுக்கு முதல் கிழமை பெயின்ற் பேணியைத் திறந்தேன். மணம் வந்தது. தூரிகையை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஒழுங்கையில் எங்கள் கேற் மட்டும் கறளோடு நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை, “என்ன மாமி, உங்களுக்குச் சுகமில்லையோ?” என்று கேட்டாள். அன்றைக்குத்தான் பேத்தியிடம் கொப்பி கேட்டேன்.

மகனிடம் நேரே சொல்லப் பார்த்தேன். இரண்டு தரம் முன்னால் போய் நின்று, “தேத்தண்ணி வேணுமோ?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். என் வாயை எனக்குத் தெரியும், அது கடைசி நேரத்தில் எனக்குச் சாதகமாகத் திரும்பும். எழுதியது திரும்பாது.

இன்று ஞாயிறு. மகன் விறாந்தையில் பேப்பர் பார்க்கிறான். மருமகள் குசினியில் சமைக்கிறாள். இதை எழுதி முடிக்கும்போது பேத்தி பக்கத்தில் வந்து நிற்கிறாள், முடிந்ததா என்று.

“முடிஞ்சுது, பிள்ளை. கொப்பியைப் பிடி. விறாந்தைக்குப் போய் அப்பாவுக்கு முன்னால இருந்து வாசி. உரத்து வாசி, அம்மாவுக்கும் குசினியில கேக்க வேணும். என்ர எழுத்துப் பிழையைத் திருத்தாதை, இருக்கிறபடி வாசி. இடையில அப்பா நிப்பாட்டச் சொல்லுவார், நீ நிப்பாட்டாதை. நான் கதவடியில நிக்கிறன். எனக்கு எத்தனை வயசெண்டதில இருந்து தொடங்கு.”